செப்டம்பருக்கு நியாயம் கேட்ட மாமா

என் மாமாவுக்கு அப்பா வேலை கொடுத்ததற்குப் பெருந்தன்மை காரணமல்ல. காலண்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா அச்சகம் வைத்திருந்தார். வருஷம் முழுக்க பில் புத்தகமும் விசிட்டிங் கார்டும் ஓடும். வருஷக் கடைசியில் மாதக் காலண்டர். ஒவ்வொரு மாதத் தாளிலும் தேதிகளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டம் உண்டு. பல வருஷங்களாக அதில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பெனி மூடப்பட்டதும் கட்டம் காலி. "இங்க என்ன வரும்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். "ஏதாவது வரும்" என்றார் அப்பா. அதை வீட்டில் வந்து வாய்தவறிச் சொன்னதுதான் அவர் செய்த பிழை.

"என் தம்பி எழுதுவானே" என்றாள் அம்மா.

அந்தத் தம்பிதான் மாமா. வேலை தேடுவதற்காக இரண்டு வாரம் எங்கள் வீட்டில் தங்க வந்தவர். அப்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். இப்போது படிப்பை முடித்து, அச்சகத்தின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். மாமா இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தார். நடுவில் சும்மா இருந்தார் என்று சொன்னால் பாவம். அலங்கார மீன் கடை வைத்தார். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒவ்வொரு சாவுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. பிறகு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்தார். லைசென்ஸ் இல்லை என்பது பின்னால்தான் தெரியவந்தது. ஆனால் ஒரு திறமையை மறுக்க முடியாது. காலையில் தெரிந்துகொண்ட விஷயத்தை, சாயங்காலம் தாய்ப்பாலோடு குடித்ததுபோலப் பேசுவார். "மச்சான் இருக்கறதால ரேடியோ வாங்கற செலவு மிச்சம்" என்பார் அப்பா. மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு கால் குட்டையான நாற்காலியில் மாமா குடியேறினார். குட்டைக் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தார். வருகிறவர்களிடம் அந்த இடத்தை "ஆய்வுப் பிரிவு" என்று அறிமுகப்படுத்தினார். கட்டத்துக்குத் தலைப்பு, 'மாதமும் பெயரும்'. ஜனவரி, முன்னும் பின்னும் பார்க்கிற இரட்டை முகம் கொண்ட ரோமாபுரி வாசல் தெய்வத்தின் பெயர் என்று எழுதினார். "நம்ம பேப்பர் சப்ளையரைச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அப்பா அனுமதித்தார். பிப்ரவரி, ஒரு சுத்திகரிப்புச் சடங்கின் பெயரிலிருந்து வந்தது. மார்ச், போர்த் தெய்வம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, செப்டம்பர் வரும்வரை.

லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு. மாமா விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். எழுந்து மெஷின்காரரிடம் ஓடினார்.

"அண்ணே, செப்டம்பர் எத்தனாவது மாசம்?"

ஆப்செட் மெஷின் சத்தத்தில் பாதிக் காது போன மனிதர் அவர். "முதலாளியத்தான் கேக்கணும்" என்றார்.

அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து என்று தெரிந்ததும் மாமாவுக்கு ஏதோ சொந்த நிலத்தை அளந்தபோது குறைந்துபோயிருந்த மாதிரி ஆகிவிட்டது. முடிதிருத்துகிறவரிடம், கழுத்தில் கத்தி இருக்கும்போதே இதைச் சொன்னார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்தவரிடம் சொன்னார். அவர் தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். இரண்டே நாளில் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். ரோமாபுரியின் பெரிய மனிதர்கள் இருவர், ஜூலியஸும் அகஸ்டஸும், தங்கள் பெயரில் ஆளுக்கொரு மாதத்தை நடுவில் செருகிவிட்டார்கள். அதனால் பின்னால் நின்ற நான்கு அப்பாவி மாதங்கள் இரண்டு இடம் தள்ளிப்போயின. 'அதிகாரம் உள்ளே நுழைந்தால் எளியவர் பின்னுக்குப் போவர் என்பதற்குச் செப்டம்பரே சாட்சி' என்று கட்டத்தை முடித்திருந்தார். எழுத்தைச் சின்னதாக்கி அதை உள்ளே அடைத்தது நான்.

"செப்டம்பர் வரைக்கும் யார் படிக்கப் போறாங்க" என்று அப்பா நிம்மதியாக இருந்தார்.

ஜனவரி முடிவதற்குள் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"காலண்டர் அடிச்சது நீங்கதானே? செப்டம்பர் பத்தி எழுதினவரைக் கூப்பிடுங்க" என்றது ஒரு பெண் குரல்.

மாமா தலையைச் சீவிக்கொண்டு வந்து போனை வாங்கினார். வாசகர் பாராட்டு என்று நினைத்திருக்க வேண்டும். ஒலி கூட்டி வைத்திருந்ததால் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"ஜூலையும் ஆகஸ்டும் நடுவுல செருகினதுன்னு எழுதியிருக்கீங்க. தப்பு. அந்த ரெண்டு மாசமும் முன்னாடியே இருந்துச்சு. அஞ்சாவது, ஆறாவதுன்னு அதுக்குப் பேரு. பேரை மட்டும்தான் மாத்தினாங்க."

"அப்போ செப்டம்பர் எப்படிங்க ஒன்பதுக்குப் போச்சு?" மாமாவின் குரலில் ஏளனம் இருந்தது.

"அந்தக் காலத்துல மார்ச்லதான் வருஷம் ஆரம்பிக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் அப்புறம் சேர்ந்ததுன்னு சொல்றாங்க. சேர்ந்ததோட விடல, போகப் போக வரிசைல முதல்ல போய் நின்னுக்கிச்சு. மார்ச்லேர்ந்து எண்ணிப் பாருங்க. செப்டம்பர் ஏழு வரும்."

மாமா மேஜைக்கு அடியில் விரல்களை மடக்குவதைப் பார்த்தேன். ஏழு வந்திருக்க வேண்டும், முகம் விழுந்துவிட்டது.

"நீங்க எந்தக் காலேஜ்ல புரொஃபசரா இருக்கீங்க?"

"பல் கிளினிக்ல ரிசப்ஷன். உங்க காலண்டர்தான் எதிர்ல தொங்குது. வர்றவங்க எல்லாம் கன்னத்தைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க, பேச ஆள் கிடையாது. அதான் எல்லாத் தாளையும் புரட்டிப் படிச்சேன். ஏதோ இடிச்சுது. கம்ப்யூட்டர்ல பார்த்தேன்."

"விசாரிக்கிறேன்" என்று சொல்லி மாமா போனை வைத்தார். ஒப்புக்கொள்வது எங்கள் தாய்வழியில் யாருக்கும் பழக்கமில்லை. நேரில் போய்த் தன் தரப்பை விளக்குவதுதான் முறை என்று முடிவுசெய்து, மறுநாளே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு அத்தையே எனக்குச் சொன்னாள். ஆம், அத்தைதான், கதை அந்தப் பக்கம்தான் போகிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. அப்போது அவளுக்கும் நாற்பதைத் தாண்டியிருந்தது. படுக்கையில் கிடந்த தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

"பேஷண்ட்டா? இல்லன்னா இங்க உக்கார முடியாது" என்று கேட்டிருக்கிறாள்.

"பேஷண்ட்தான்."

"என்ன பிரச்சனை?"

"பல்லு."

அதுவரை பொய். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மாமா சுட்டிக்காட்டிய பல் ஆரோக்கியமாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவை சொத்தை. மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு, வெளியே உட்காரச் சொன்னார்கள். அந்த இடைவெளியில்தான் மாமா தன் வாதத்தைத் தொடங்கினார். ஆகஸ்ட் என்று சொல்ல வாயெடுத்தால் 'ஆவஃப்' என்று வந்தது. ஜூலை வரவே இல்லை. அவள் பஞ்சை எடுத்து நீட்டி, "வழியுது, துடைச்சுக்குங்க" என்றாள். பிறகு மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை அவள் விளக்க, மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து ஒருவர் பேசி முடிக்கும்வரை அவர் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை. சரியாகச் சொன்னால், வாயை மூட முடியாமல்தான் இருந்தார். ஆனால் பேசவில்லை.

ஊசி என்றால் தெருமுனை வரை ஓடுகிற மனிதர், அதன் பிறகு கொடுத்த அப்பாயின்ட்மென்ட் எதையும் தவறவிடவில்லை. கொடுக்காததற்கும் போனார்.

"மச்சானுக்கு மொத்தம் எத்தனை பல்லு?" என்று அப்பா சாப்பிடும்போது கேட்டார். "போற போக்கைப் பார்த்தா முதலைக்குக்கூட இவ்வளவு வேலை இருக்காது."

மாமா ரசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவே பெரிய அறிகுறி.

ஒரு மாலை, எல்லோரும் போனபின் நான் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்தேன். மாமா தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"செப்டம்பரைப் பாரு பாப்பா" என்றார். "பேரு ஏழு. நிக்கறது ஒன்பதாவதா. நீ ஏன் இங்க நிக்கறன்னு யாரும் கேக்கறதில்ல. அதுவும் வெக்கமில்லாம நிக்குது, முப்பது நாளும் முடிஞ்சதும் போயிடுது."

"டீ சொல்லட்டுமா மாமா?" என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்றார்.

அந்த வருஷக் கடைசியில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலண்டர் வேலை தலைக்குமேல் இருக்கிற நேரம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அப்பா பொறுப்புகளைப் பிரித்துக்கொடுத்தார். அச்சு வேலை மெஷின்காரருக்கு, வாடிக்கையாளர்கள் எனக்கு. மாமாவைக் கூப்பிட்டு, "மச்சான், நீ எதையும் தொடாதே. அதுதான் உன் பொறுப்பு" என்றார்.

நானும் அம்மாவும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் இருந்தோம். எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு டயர் கடைக்காரர். அவருடைய காலண்டர் தாள்கள் அச்சாகி, அடுக்கி, மேலே தகரப் பட்டை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அடுக்குகிற பெண்களுக்கு மேற்பார்வை பார்க்க ஆளில்லை. மாமா எதையும் தொடவில்லை, உண்மைதான். வாயால் சொன்னதோடு சரி. "மார்ச்லேர்ந்து அடுக்குங்கம்மா" என்றார். மார்ச் முதல் தாள்; டிசம்பருக்கு அப்புறம் ஜனவரி, பிப்ரவரி. மார்ச் தாளின் கட்டத்தில் ஏற்கனவே எனக்குத் தெரியாமல் வேலை நடந்திருந்தது. 'இதுவே ஆதி வரிசை. செப்டம்பர் இங்கே ஏழாவது.' இரண்டாயிரம் ஆண்டு அநீதியை மாமா ஒரு பகல் பொழுதில் சரிசெய்து, முதல் பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பல் கிளினிக்குக்குப் போய்விட்டார். மற்றதெல்லாம் வேனில் ஏறி டயர் கடைக்குப் போனது.

மறுநாள் டயர் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடாத மனிதர், அதுதான் பயம்.

"என்னம்மா, இந்த வருஷம் ஜனவரி உண்டா?"

"உண்டு சார்."

"இல்ல, எனக்கு வந்த காலண்டர் மார்ச்ல ஆரம்பிக்குது. ஜனவரி டிசம்பருக்கு அப்புறம் இருக்கு. அது எந்த வருஷத்து ஜனவரின்னு கஸ்டமர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

மொத்தத்தையும் அதே வேனில் திருப்பி அனுப்பினார். வேன் வந்து நின்றபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவும் வந்து இறங்கினார். வீட்டுக்குப் போகாமல் அச்சகத்தை ஒரு எட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம். வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்திருந்தார். தையல் ஆறும்வரை கத்தக்கூடாது, சிரிக்கக்கூடாது, இருமக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. காலண்டரைப் புரட்டிப் பார்த்ததும் அவருக்கு மூன்றும் ஒரே சமயத்தில் தேவைப்பட்டன. வாயைத் திறந்தார், தலையணையை அமுக்கினார், ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மச்சான்," என்றார் மிக மெதுவாக, "நல்லா இருக்கியா?"

அந்த மென்மையில் மாமா ஆடிப்போய்விட்டார். "அத்தான், தப்பு என்னோடது இல்ல. ரோமாபுரிக்காரன் பண்ணினது."

"அப்போ டயர் கடைக்காரரை அங்க அனுப்பி வைக்கட்டுமா?" அப்பாவின் குரல் ரகசியம் சொல்வதுபோல இருந்தது.

மாமா வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கையில் சுருட்டிய காலண்டர். எங்களில் மாமாவைத் தவிர யாரும் அவளைப் பார்த்ததில்லை. மாமா எழுந்தார்.

"பிடிச்சுதா?" என்று கேட்டார்.

"எப்படிப் பிடிக்கும்? வர்ற வாரம் ஜனவரி. ஒவ்வொருத்தருக்கும் தேதி கொடுக்கறதுக்கு, மொத்தத்தையும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அடியில பார்க்கறேன். கை கழண்டுடும்போல இருக்கு."

"நீங்கதானே சொன்னீங்க, மார்ச்தான் முதல் மாசம்னு."

"முதல் மாசமா இருந்துச்சுன்னு சொன்னேன். இருக்குன்னு சொன்னேனா?" அவள் காலண்டரை மேஜைமேல் வைத்தாள். "இத்தனை காலமா எல்லாரும் தப்பான வரிசைல ஒழுங்கா இருந்துட்டு வர்றாங்க. நீங்க ஒருத்தர் சரியான வரிசைல போய் என்ன பண்ணப் போறீங்க?"

ஸ்டூலிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அப்பா சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அது.

அவள் வேனிலிருந்து இறங்கிய கட்டுகளைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். கைப்பையை என் நாற்காலியில் மாட்டினாள். "தகரப் பட்டையை நெம்ப என்ன வச்சிருக்கீங்க?" மெஷின்காரர், அந்த ஒரு கேள்வி மட்டும் எப்படியோ காதில் விழுந்து, ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை; பொழுது முழுக்க வேலை. அவள்தான் இடம் பிரித்துக்கொடுத்தாள். அவள் பட்டையை நெம்பிக் கழற்றுவாள். பல வருஷம் பிடுங்குவதைப் பார்த்த கை. ஒரு தாள்கூடக் கிழியவில்லை. மாமா அடியிலிருக்கும் இரண்டு தாள்களை எடுத்து மேலே வைப்பார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. நான் விளிம்பு தட்டிக் கொடுப்பேன், மெஷின்காரர் புதுப் பட்டை மாட்டுவார். மாமா வைத்த ஒவ்வொன்றையும் அவள் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடவை பிப்ரவரி மேலே வந்துவிட்டது. "ம்" என்றாள். மாமா சட்டென்று மாற்றி வைத்தார்.

அம்மா டீயோடு வந்தாள். அவளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"யாருடி அது?"

"செப்டம்பர் தப்புன்னு போன் பண்ணினவங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"அதைச் சொல்றதுக்கா போன் பண்ணினாங்க?"

"கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவ" என்று அம்மா எனக்குத் தர வேண்டிய டீயையும் அவளுக்கே கொடுத்துவிட்டாள்.

மார்ச் தாளில் அந்த ஆதி வரிசை வாசகம் அப்படியே இருந்தது. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. வருவது வரட்டும் என்று அனுப்பிவிட்டோம். டயர் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். ஊரெல்லாம் கொடுத்தார். மூன்றாவது மாதத் தாளில், செப்டம்பர் இங்கே ஏழாவது என்று எழுதியிருப்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார்.

அந்த ஞாயிறு கிளம்பும்போது அவள் மாமாவிடம், "புதன்கிழமை வாங்க" என்றாள்.

"எந்தப் பல்லுக்கு?"

"பல்லுக்கு இல்ல."

மாமாவுக்கு அது புரிய வாசல் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

சில மாதங்களில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அப்பாதான் சாட்சி. கையெழுத்துப் போடுமுன் பேனாவைப் பிடித்தபடி மணப்பெண்ணைக் கேட்டார்: "நல்லா யோசிச்சுட்டீங்களா? எங்களுக்குத் திரும்ப எடுத்துக்கற வழக்கம் இல்ல."

"இத்தனை வருஷம் பல் பிடுங்கறதைப் பக்கத்துல இருந்து பார்த்தவ நான்" என்றாள் அத்தை. "போடுங்க அண்ணா."

அம்மா மட்டும் அழுதாள். மாமா ஒரு பெட்டியோடு அத்தையின் வீட்டுக்குக் குடிபோனார். வேலையும் கிடைத்தது. கிளினிக்கில் அத்தைக்காகக் காத்திருக்கும் நேரங்களில் மாமா நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருப்பார். கன்னம் வீங்கியவர்களால் மறுத்துப் பேச முடியாது. உள்ளே போகப் பயந்து நடுங்கியவர்கள்கூட, அவரிடம் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டபின் தாங்களாகவே எழுந்து, எப்போது கூப்பிடுவீர்கள் என்று டாக்டரின் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். டாக்டர் இதைக் கவனித்தார். நோயாளிகளுக்குப் போன் செய்து தேதியை நினைவுபடுத்தும் வேலையை மாமாவுக்குக் கொடுத்தார். மறுபடி போன் வந்துவிடுமோ என்று எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்களாம்.

கட்டங்களை இப்போது இருவரும் சேர்ந்து எழுதி எனக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வருஷத்துக்கானவற்றில் மே மாதம் மட்டும் வந்துசேரவில்லை. மே என்பது ஒரு பெண் தெய்வத்தின் பெயர் என்று மாமா. இல்லை, பெரியவர்கள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்று அத்தை. இரண்டுக்கும் ஆதரவாகப் பழைய ஆட்கள் சொல்லிவைத்திருக்கிறார்களாம். ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நான் இரண்டு தடவை நினைவூட்டினேன். கடைசியில் மாமாவின் கையெழுத்தில் ஒரே வரி வந்தது.

புரூஃபை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'மே: பெயர்க் காரணம் உறுதியாகத் தெரியவில்லை.'

"மச்சான் எழுதினதா இது?"

"ஆமாம்ப்பா."

இன்னொரு தடவை வாசித்தார். "உடம்புக்கு ஏதும் இல்லியே அவனுக்கு?"

"நல்லாத்தான் இருக்கார்."

அப்பா கீழே சம்மதக் கையெழுத்தைக் கிறுக்கி, "போட்டுடு" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.